அட்ஜெக்டிவ் எண்டா என்ன எண்டு பாடமாச் சொல்லுறா, வசனம் எழுதினாப் பிழைக்குது: மகளுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?

களுவாஞ்சிகுடித்_தாய்:
எல்லாருக்கும் வணக்கம். மகள் பத்தாம் ஆண்டு, அடுத்த வருசம் ஓ.எல். பரீட்சை. கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் அவவே பாத்துக்குவா. இங்கிலிஷ்தான் இழுபறி. நேத்து கொப்பிய எடுத்துப் பாத்தா 'மை ஃபேமிலி' எண்டு ஒரு கட்டுரை. சிவப்புப் பேனையால கோடு போட்ட வசனங்கள அப்பிடியே தாறன். இங்க தமிழ் எழுத்தில மட்டுந்தான் எழுதலாம் எண்டதால இங்கிலிஷையும் தமிழ்லயே எழுதுறன், வாசிக்கக் கொஞ்சம் கஷ்டம்தான்.

மை மதர் இஸ் பியூட்டிஃபுலி.
அவர் கேர்ட் இஸ் வெரி டேஸ்ட்.
ஐ ஆம் வெரி இன்டரஸ்டிங் இன் கிரிக்கெட்.
மை பிரதர் இஸ் மோர் டோலர் தன் மீ.
மை கிரேன்ட்ஃபாதர் வெரி கைண்ட்.

கோடு மட்டும்தான் இரிக்கு, ஏன் பிழை எண்டு ஒரு சொல்லு இல்ல. 'அட்ஜெக்டிவ் எண்டா என்ன புள்ள?' எண்டு கேட்டன். 'நவுன விவரிக்கிற சொல்' எண்டு கடகடவெண்டு ஒப்புவிக்கிறா. உதாரணம் கேட்டா பிக், ஸ்மோல், ரெட் எண்டு அடுக்கிறா. அப்ப வசனத்தில மட்டும் எங்க பிழைக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் படிச்ச காலத்து இங்கிலிஷ் எனக்கே துருப்பிடிச்சுப் போச்சு.

சோக்குக்கட்டி:
தங்கச்சி, மகள் ஒப்புவிச்சது சரி. அந்த வரைவிலக்கணத்த வச்சு ஒரு பிள்ளையும் வசனம் எழுத ஏலா, அவ்வளவுதான். இங்கிலிஷ் படிப்பிச்சு ஓய்வு பெற்றவன் எண்டபடியால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலாவது வசனத்த எடுப்பம். மகள் தலைக்குள்ள நினைச்சது 'அம்மா அழகா இரிக்கா'. இப்ப இன்னொரு வசனம் பாருங்க: 'அம்மா அழகா பாடுறா'. ரெண்டிலயும் அதே 'அழகா'தான். இங்கிலிஷ்ல முதலாவது பியூட்டிஃபுல், ரெண்டாவது பியூட்டிஃபுலி. நம்மட காதுக்கு ரெண்டும் ஒண்டு எண்டதால பிள்ளை 'லி'ய ரெண்டிலயும் ஒட்டுறா. அவ யோசிக்காம எழுதல்ல, தமிழ்ப்படி சரியா யோசிச்சுத்தான் எழுதியிருக்கா.

சோற்ற வச்சுப் பாருங்க, இன்னும் தெளிவு. 'சூடான சோறு', 'சோறு சூடா இரிக்கு'. தமிழ்ல பெயருக்கு முன்னால வந்தா 'ஆன', பின்னால 'இரிக்கு'வோட வந்தா 'ஆக'. உருவம் மாறுது. இங்கிலிஷ்காரனுக்கு ரெண்டு இடத்திலயும் ஒரே 'ஹொட்'. 'ஹொட் ரைஸ்', 'த ரைஸ் இஸ் ஹொட்'. அவன் உருவத்த மாத்துறது அடுத்த படியில, ஓடுறான், பாடுறான், எழுதுறான் எண்டு ஒரு வேலைய விவரிக்கிற இடத்தில. அதாவது கோடு விழுற இடமே வேற. நம்ம கோடு பெயருக்கு முன், பின். அவங்கட கோடு பொருளா, செயலா.

மகளிட்ட ஒரு கேள்வி மட்டும் கேக்கச் சொல்லுங்க: தமிழ் வசனத்தில முடிவில இருக்கிறது 'இரிக்கு'வா, வேற வேலையா? 'இரிக்கு' எண்டா 'லி' வேணாம்.

அஞ்சாவது வசனத்தில 'இஸ்' விடுபட்டதுக்கும் இதே குடும்பத்துக் காரணம்தான். 'தாத்தா நல்லவர்' எண்டு தமிழ்ல சொன்னா வசனம் முடிஞ்சு போச்சு, வினைச்சொல்லே தேவையில்ல. இங்கிலிஷ்ல அட்ஜெக்டிவ் தனிய நிண்டு வசனத்த முடிக்காது. முன்னால ஒரு 'இஸ்', 'ஆம்', 'வோஸ்' பிடிச்சுத்தான் நிற்கும்.

பொத்துவில்_அலை:
ஸலாம் எல்லாருக்கும். அக்கா, எனக்கு இந்தக் கிராமர் ஒண்டும் தெரியா. அறுகம்பேல கெஸ்ட் ஹவுஸ் ஒண்டுல வேல. ஏப்ரல் மாசம் தொடங்கினா ஒக்டோபர் மட்டும் வெள்ளக்காரரோடதான் பேச்சு. பேசிப் பேசியே வந்த இங்கிலிஷ்.

அந்த 'வெரி டேஸ்ட்' இரிக்கே, அது உங்கட மகள்ட மட்டும் பிழை இல்ல. இங்க கடை வழிய நிக்கிற எல்லாரும் செல்றது அதுதான். 'சேர் கம், ஃபிஷ் வெரி டேஸ்ட்'. அவங்களுக்கு விளங்கும், சிரிச்சிட்டு வந்து சாப்பிடுவாங்க. 'டேஸ்ட்' எண்டா ருசி. 'டேஸ்டி' எண்டாத்தான் ருசியானது. கடைசி 'டி'ய விட்டா 'மீன் மிச்சம் ருசி' எண்டு செல்ற மாதிரி. நம்மட ஊர்ல அது சரிதானே, 'கறி நல்ல ருசி' எண்டுதானே செல்றம்.

மூணாவது வசனம்தான் ஆபத்தான வசனம். எங்கட கிச்சன்ல நிக்கிற பொடியன் ஒருத்தன், மழ நாளொண்டு, ஆக்கள் இல்ல, ஒரு ஜேர்மன் அம்மாக்கிட்டப் போய் 'டுடே ஐ ஆம் வெரி போரிங்' எண்டான். அவன் செல்ல வந்தது தனக்கு அலுப்படிக்குது எண்டு. அவக்குக் கேட்டது 'நான் சரியான அறுவைக் கேஸ்' எண்டு. அவ பாவம், 'நோ நோ, யூ ஆர் வெரி நைஸ்' எண்டு ஆறுதல் செல்றா. அவனுக்கு ஏன் ஆறுதல் செல்றா எண்டு விளங்கல்ல.

கிராமர் படிச்சு வராது அக்கா இது. நாலு பேரோட பேசவிடுங்க.

சோக்குக்கட்டி:
பொத்துவில் தம்பி நல்ல இடத்தத் தொட்டார். ஆனா 'கிராமர் படிச்சு வராது' எண்டதுக்கு நான் உடன்படமாட்டன். அந்தப் பொடியனுக்கு ஒரே ஒரு விசயத்த விளங்கப்படுத்தியிருந்தா அவன் சீசன் முழுக்க அதச் சொல்லித் திரிஞ்சிருக்கமாட்டான்.

நம்மட பேச்சில உணர்ச்சி எல்லாம் நமக்கு வந்து சேருது. எனக்குப் பசி. எனக்குப் பயம். எனக்கு வெக்கமா இரிக்கு. அவனுக்குக் கோபம் வந்திட்டு. பசியும் பயமும் பெயர்ச்சொல், 'எனக்கு' எண்டு ஆள் ஓரமா நிக்கிறார். இங்கிலிஷ்ல ஆள் நடுவில நிண்டு, உணர்ச்சி அவரோட ஒட்டின அட்ஜெக்டிவ் ஆகுது: 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ ஆம் அஃப்ரெய்ட்', 'ஷீ இஸ் ஷை', 'ஹீ காட் அங்க்ரி'. அதாலதான் பிள்ளைகள் 'ஐ ஆம் ஹங்கர்', 'ஐ ஹேவ் ஹங்க்ரி' எண்டு ரெண்டும் கலந்து எழுதுறது.

இதில ஒரு குழி இரிக்கு. 'எனக்குக் காய்ச்சல்' எண்டதும் அதே அச்சு. அதப் பாத்து 'ஐ ஆம் ஃபீவர்' எண்டு எழுதுவாங்க. லீவுக் கடிதத்தில இத நான் காணாத வருசமில்ல. காய்ச்சல், தலையிடி, இருமல் எல்லாம் இங்கிலிஷ்லயும் பெயர்ச்சொல்லாவே நிக்கும்: 'ஐ ஹேவ் எ ஃபீவர்', 'ஐ ஹேவ் எ ஹெடேக்'. பொதுவா ஒரு கணக்கு: மனசுக்கும் வயித்துக்கும் 'ஆம்', பேர் சொல்லுற வருத்தத்துக்கு 'ஹேவ்'. 'ஐ ஆம் சிக்' எண்டது சரி, ஏனெண்டா அது வருத்தத்துட பேர் இல்ல, ஆள்ட நிலை.

இனி அந்த 'இங்', 'எட்'. இன்டரஸ்டிங், போரிங், டயரிங், எக்சைட்டிங் எண்டு 'இங்'ல முடியிறது அந்த உணர்ச்சிய உண்டாக்கிற பக்கம். இன்டரஸ்டட், போர்ட், டயர்ட், எக்சைட்டட் எண்டு முடியிறது அத அனுபவிக்கிற பக்கம். கிரிக்கெட் இன்டரஸ்டிங், மகள் இன்டரஸ்டட். பாடம் போரிங், பிள்ளை போர்ட். 'இங்' மனுசருக்கு வரவே வராது எண்டு சில டியூசன்ல சொல்லிக் குடுக்கிறாங்க, அது சரியில்ல. மற்றவங்கள அலுக்க வைக்கிற ஒருத்தர் இருந்தா அவர் உண்மையிலேயே போரிங்தான். என்ட பழைய மாணவர்கள் என்னைச் சொல்லக்கூடும்.

பாலத்தடி:
சேர், குறை நினைக்கக் கூடா. நானும் இங்கிலிஷ்தான் படிப்பிக்கிறன், மட்டக்களப்பு டவுனுக்குப் பக்கத்தில. நீங்க சொல்ற ஒப்பீடு வாசிக்க நல்லா இரிக்கு. ஆனா வகுப்பில இப்பிடி ஒவ்வொண்டையும் தமிழுக்கு இழுத்துக்கொண்டு போனா பிள்ளை கடைசிவரைக்கும் தமிழ்ல யோசிச்சு இங்கிலிஷ்ல பெயர்க்கிற பழக்கத்திலயே நிக்கும். 'இரிக்கு' வந்தா 'லி' வேணாம் எண்டு நினைச்சு எழுதிற பிள்ளை எப்ப வேகமா எழுதிறது? ஓ.எல்.ல நேரம் போதாம கட்டுரைய அரைவாசியில விட்டிட்டு வாறவங்கதான் கூட.

என்ட முறை: ஒரே அமைப்பில வசனங்கள வாயால சொல்ல வைக்கிறது, பிறகு எழுத வைக்கிறது. 'த சீ இஸ் காம். த சீ லுக்ஸ் காம். இட் இஸ் எ காம் சீ.' கேள்வியே கேக்கத் தேவையில்ல, கை தானா எழுதும்.

நாலாவது வசனத்த நான் எடுக்கிறன், 'மோர் டோலர்'. நாங்க வகுப்பில கல்லடிப் பாலத்த வச்சுத்தான் இத செய்யிறது. பழைய இரும்புப் பாலம் 1924ல திறந்தது, பக்கத்தில புதுப்பாலம் 2013ல. எல்லாப் பிள்ளையும் ரெண்டையும் கண்டிருக்கும். 'த நியூ பிரிட்ஜ் இஸ் வைடர் தன் த ஓல்ட் பிரிட்ஜ்.' 'த ஓல்ட் பிரிட்ஜ் இஸ் நேரோவர்.' 'த ஓல்ட் பிரிட்ஜ் இஸ் மோர் பியூட்டிஃபுல்.' கடைசி வசனத்துக்கு வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சு சண்ட பிடிக்கும். சண்டைய இங்கிலிஷ்ல பிடி எண்டு விட்டிருவன்.

விதி சின்னது. ஒரு அசைச் சொல்லுக்கு 'அர்', 'எஸ்ட்': டோல், டோலர், டோலெஸ்ட். 'ஹெப்பி', 'பிஸி' மாதிரி 'வை' எழுத்தில முடியிற ரெண்டசைச் சொல்லுக்கும் அதேதான், எழுதேக்க 'வை' 'ஐ' ஆகும். மூணு அசையும் அதுக்கு மேலயும் எண்டா 'மோர்', 'மோஸ்ட்'. ரெண்டையும் ஒரே சொல்லில போடக் கூடா. குட், பெட்டர், பெஸ்ட். பேட், வேர்ஸ், வேர்ஸ்ட். இதுகள் பாடமாக்கித்தான் ஆகணும், வேற வழி இல்ல. வரைபடத்தப் பாத்து எழுதச் சொல்லி கேள்வி வந்தா இந்த ஒண்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு முழுசா எழுதலாம்.

சோக்குக்கட்டி:
மேற்கோள்: 'தமிழ்ல யோசிச்சு இங்கிலிஷ்ல பெயர்க்கிற பழக்கத்திலயே நிக்கும்'

மிஸ், பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஏற்கெனவே அப்பிடித்தானே நிக்குது. நீங்களும் நானும் சொன்னாலும் சொல்லாட்டியும் தலைக்குள்ள தமிழ் ஓடிக்கொண்டுதான் இரிக்கும். எங்க இடறுது எண்டு ஒருதரம் காட்டிவிட்டா பிறகு உங்கட பயிற்சி வேலை செய்யும். உங்கட 'மோர் டோலர்'க்கே வாங்க. தமிழ்ல 'என்ன விட உயரம்' எண்டா 'உயரம்' எண்ட சொல்லு அசையாம அப்பிடியே நிக்குது, முழு வேலையும் 'விட' பாக்குது. அதால ஒரு பிள்ளை 'ஹீ இஸ் டோல் தன் மீ' எண்டு எழுதும், 'அர்' எங்கயிருந்து வரும் எண்டு அதுக்குத் தோணாது. இன்னொரு பிள்ளை ஏதோ ஒண்டு சேக்கணும் எண்டு தெரிஞ்சு ரெண்டையும் சேக்கும். நாம 'ஆகப் பெரிய' எண்டு முன்னால ஒரு சொல்லப் போடுற பழக்கம் 'த மோஸ்ட் பிக்' எண்டு வெளிய வரும். மூண்டு பிழைக்கும் மூண்டு காரணம். ஒரே பயிற்சியக் குடுத்தா மூண்டும் போகுமா?

பாலத்தடி:
போகும் சேர். கொஞ்சம் கூடச் செய்யணும், அவ்வளவுதான்.

ஏஎல்_கலைப்பிரிவு:
சேர், மிஸ், குறுக்க வாறதுக்கு மன்னிக்கணும். அட்ஜெக்டிவ் ரெண்டு மூண்டு சேந்து வந்தா எது முதல் எண்டு ஒரு பட்டியல் தந்திருக்காங்க. அபிப்பிராயம், அளவு, வயசு, வடிவம், நிறம், ஊர், செய்த பொருள், பயன். இந்த எட்டையும் ஒழுங்கு மாறாமப் பாடமாக்கணுமா? நான் ஒவ்வொரு முறையும் வடிவத்தையும் வயசையும் மாத்திப் போடுறன்.

தறியோசை_மருதமுனை:
தம்பி, இதுக்கு நான் பதில் செல்றன். நாங்க மருதமுனைல கைத்தறி. வாப்பா தறில, நான் போன்ல. வெளிநாட்டுல இரிக்கிற ஆக்கள் பாத்து ஓடர் பண்ணுறதால ஒவ்வொரு உருப்படிக்கும் கீழ இங்கிலிஷ்ல ஒரு வரி எழுதணும். இந்தப் பட்டியல் எனக்கு எந்த நாளும் வேல.

நேத்து போட்டது: 'எ நைஸ் நியூ டார்க் புளூ மருதமுனை கொட்டன் சாரன்'. நைஸ் எண்டது என்ட அபிப்பிராயம். நியூ வயசு. டார்க் புளூ நிறம். மருதமுனை ஊர். கொட்டன் செய்த பொருள். பிறகு சாரன். இத 'கொட்டன் புளூ நைஸ் சாரன்' எண்டு மாத்தி வாசிச்சுப் பாருங்க, இங்கிலிஷ் தெரிஞ்சவன்ட காதில இடிக்கும்.

நான் எட்டையும் பாடமாக்கல்ல. ஒரு விசயத்த மட்டும் பாப்பன். சாரன்ட்ட இருந்து பிரிக்க ஏலாதது சாரனுக்குக் கிட்ட இரிக்கணும். நூல மாத்தினா அது வேற சாரன், அதால கொட்டன் கடைசில. நிறம் சாயத் தொட்டில தீர்மானம், ஒரே நூலுக்கு எந்த நிறமும் போடலாம், அதால கொஞ்சம் தள்ளி. 'நைஸ்' எண்டது பாக்கிற ஆளுக்கு ஆள் மாறும், அதால ஆகத் தூரத்தில. வாங்கிற ஆள் நைஸ் இல்ல எண்டாலும் கொட்டன் கொட்டன்தான்.

உண்மையச் செல்லப் போனா ரெண்டு, மூணுக்கு மேல அடுக்கினா வாசிக்கிறவனுக்குக் களைப்பு. நான் விக்கிறவன், அதால அடுக்குறன். நீங்க பரீட்சைல ரெண்டோட நிப்பாட்டுங்க.

இன்னொண்டு. 'டூ மீட்டர்ஸ் சாரன்' எண்டு எழுதுற ஆக்கள் கன பேர். அளவு முன்னால வந்து அட்ஜெக்டிவா நிண்டா பன்மை போகும், 'எ டூ-மீட்டர் சாரன்', நடுவில சின்னக் கோடு. பின்னால வந்தா பன்மை திரும்பி வரும், 'த சாரன் இஸ் டூ மீட்டர்ஸ் லோங்'. வயசுக்கும் இதுதான். 'எ டென்-இயர்-ஓல்ட் கேர்ள்', ஆனா 'ஷீ இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்'.

ஏஎல்_கலைப்பிரிவு:
காக்கா, 'பிரிக்க ஏலாதது கிட்ட' எண்டது நல்லாப் பிடிபடுது. 'ஃபிஷ் மார்க்கெட்'ல ஃபிஷ் நவுன்தானே, அது ஏன் அட்ஜெக்டிவ் இடத்தில நிக்குது?

தறியோசை_மருதமுனை:
ஹேன்ட்லூம் சாரனும் அப்பிடித்தானே தம்பி. இங்கிலிஷ்ல ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு முன்னால வந்து அட்ஜெக்டிவ்ட வேலையச் செய்யும். பெரும்பாலும் ஒருமைல நிக்கும். பெடி ஃபீல்ட், புக் ஷொப். கடைல எத்தன புக் இருந்தாலும் புக் ஷொப்தான். மிச்சத்த சேரிட்டக் கேளுங்க, பாவு சுத்தக் கூப்பிடுறாங்க.

வாவிக்கரை_வாசகன்:
எல்லாரும் 'தமிழ்ல அட்ஜெக்டிவ் இப்பிடி, அப்பிடி' எண்டு எழுதுறீங்க. தமிழ் இலக்கணத்தில அட்ஜெக்டிவ் எண்டு ஒரு தனி வகையே இல்ல என்பதையும் சேத்துச் சொல்லணும். தொல்காப்பியத்தில பெயர், வினை, இடை, உரி எண்டு நாலுதான். உரிச்சொல்லத்தான் அட்ஜெக்டிவ் எண்டு சில கைநூல்களில போட்டிருக்காங்க. உறு, தவ, நனி எண்ட மூண்டும் மிகுதிப் பொருள் தரும் உரிச்சொற்கள். அதுகள் 'வெரி'க்குக் கிட்டவே தவிர 'பிக்'குக்கு இல்ல. 'நல்ல', 'பெரிய' எல்லாம் குறிப்புப் பெயரெச்சம் எண்டுதான் மரபில வரும், 'வந்த', 'படிச்ச' எண்டதுகளோட ஒரே பந்தியில. 'பெயரடை' எண்டது பிற்காலத்தில ஏற்பட்ட பேர்.

இங்கிலிஷ்காரர் மட்டும் ஆதியிலயிருந்தே தனியா வச்சிருந்தாங்க எண்டும் நினைக்க வேணாம். லத்தீன் இலக்கணத்தப் பின்பற்றின பழைய இங்கிலிஷ் இலக்கண நூல்களில அட்ஜெக்டிவ் பெயர்ச்சொல்லுட ஒரு பிரிவு. பதினெட்டாம் நூற்றாண்டுலதான் அது பிரிஞ்சு தனிக்குடித்தனம் போச்சு.

சொல்ல வந்தது இதுதான்: பெயரெச்சம் நமக்கு எவ்வளவு வசதியோ இங்கிலிஷ்ல அவ்வளவு இடைஞ்சல். 'நேத்து சந்தையில வாங்கின பெரிய மீன்' எண்டு எல்லாத்தையும் மீனுக்கு முன்னால தள்ளிடுவம். இங்கிலிஷ்ல 'பெரிய' மட்டும் முன்னால, மிச்சம் முழுக்க பின்னால: 'த பிக் ஃபிஷ் தட் வீ போட் அட் த மார்க்கெட் யெஸ்டர்டே'. பிள்ளைகள் 'யெஸ்டர்டே மார்க்கெட் போட் பிக் ஃபிஷ்' எண்டு எழுதுறது இதாலதான்.

சோக்குக்கட்டி:
வாசகன் ஐயா சொல்லுறது சரி. ஆனா பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு நனியையும் தவவையும் காட்டினா அது இங்கிலிஷோட தமிழையும் விட்டிட்டு ஓடும். அந்த மீன் வசனம் மட்டும் அருமை, அத மகளிட்டக் காட்டுங்க தங்கச்சி.

களுவாஞ்சிகுடித்_தாய்:
எல்லாருக்கும் நன்றி. ராவு மகளையும் பக்கத்தில இருத்தி வாசிச்சம். 'சூடான சோறு, சோறு சூடா இரிக்கு' எண்ட இடத்தில 'ஆ, அதா!' எண்டா. பாலத்துட வசனங்களையும் எழுதினா. பழைய பாலம்தான் மோர் பியூட்டிஃபுல் எண்டு அவட தீர்ப்பு.

இப்ப அவ ஒரு கேள்வி கேக்கிறா, எனக்குப் பதில் தெரியா. 'த பேபி இஸ் அஸ்லீப்' சரியெண்டா 'ஹொட் ரைஸ்' மாதிரி 'தி அஸ்லீப் பேபி' எண்டு ஏன் எழுத ஏலா? டீச்சர் வெட்டியிருக்கா. சேர்தானே முன்னாலயும் பின்னாலயும் ஒரே உருவம் எண்டு சொன்னீங்க எண்டு உங்களையே மடக்கிறா.

சோக்குக்கட்டி:
மகள் கெட்டிக்காரி. நல்லா மடக்கியிருக்கா.

அஸ்லீப், அலைவ், அவேக், அலோன், அஃப்ரெய்ட். முன்னால ஒரு 'அ' ஒட்டின இந்தக் கூட்டம் பெயருக்கு முன்னால வராது, 'இஸ்'சுக்குப் பின்னாலதான். அஸ்லீப், அலைவ் ரெண்டுக்கும் காரணம் அதுகள்ட பிறப்பில இரிக்கு. பழைய இங்கிலிஷ்ல 'ஒன்' எண்ட முன்னிடைச்சொல்லோட சேந்து 'தூக்கத்தில', 'உயிரோட' எண்ட மாதிரி இருந்த சொற்றொடர் தேஞ்சு 'அ' ஆகி ஒட்டிக்கொண்டுது. 'இன் த ஹவுஸ்' எண்டத மனுசருக்கு முன்னால தூக்கி வைக்க ஏலாதுதானே, 'தி இன் த ஹவுஸ் மேன்' எண்டு ஆரும் சொல்லமாட்டாங்க. அந்தப் பழைய குணம் இன்னும் போகல்ல. அலோனும் அஃப்ரெய்டும் வேற வழியா வந்த சொற்கள். பழக்கத்தில அதே வரிசையில போய் நிண்டிட்டுதுகள்.

முன்னால வைக்கணும் எண்டா வேற சொல் தேடணும். தூங்கிற பிள்ளை 'ஸ்லீப்பிங் பேபி'. பயந்த பிள்ளை 'ஃபிரைட்டன்ட் சைல்ட்'. உயிரோட இரிக்கிற நண்டு 'லைவ் கிரேப்', 'ஐ லிவ் இன் பட்டிக்கலோ'வில வாற 'லிவ்' மாதிரி இல்ல, 'லைவ்' எண்டு உச்சரிக்கணும். வாவியோரமா ஒரு பலகையில 'அலைவ் கிரேப் அவைலபள்' எண்டு எழுதியிருந்தத ஒருக்கா கண்டன். நண்டு வாங்கினன், பலகையப் பத்தி வாய் திறக்கல்ல.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இரிக்கு. 'மெயின்', 'ஃபோமர்' முன்னால மட்டுந்தான். 'த மெயின் ரோட்' சரி, 'த ரோட் இஸ் மெயின்' எண்டு சொல்லுறதில்ல. 'ஃபோமர் பிரின்சிபல்' சரி, 'த பிரின்சிபல் இஸ் ஃபோமர்' பிழை. இதுகள் கொஞ்சப் பேர்தான். பெரும்பாலான அட்ஜெக்டிவ் ரெண்டு பக்கமும் போய்வரும், அதால முதல் சொன்னத மகள் விட்டிட வேணாம்.

பொத்துவில்_அலை:
சேர், நானும் ஒண்டு செல்லிட்டுப் போறன், இது உயிர்ப் பிரச்சின. 'வெரி'யும் 'டூ'வும். நம்மட ஆக்கள் ரெண்டையும் ஒரே 'மிச்சம்' எண்டு எடுத்துக்குறாங்க. சேர்ஃப் பழக்கிற பொடியன் ஒருத்தன் கடலப் பாத்து 'டுடே சீ வெரி ரஃப்' எண்டா, வந்தவன் 'ஓகே, குட்' எண்டு சேர்ஃப் பலகையத் தூக்கிட்டு இறங்குறான். பெரிய அலைதானே அவனுக்கு வேணும். 'டூ ரஃப்' எண்டிருந்தா நிண்டிருப்பான். டூ எண்டா அளவு கடந்திட்டு, வேணாம், ஏலா. வெரி எண்டா கூட, அவ்வளவுதான்.

மத்தப் பக்கமும் இரிக்கு. சாப்பாடு நல்லா இரிக்கு எண்டு செல்ல 'டூ டேஸ்டி', ரூம் வடிவு எண்டு செல்ல 'டூ நைஸ்' எண்டுவாங்க. கேக்கிறவன் அடுத்து 'ஆனா' எண்டு ஒண்டு வரும் எண்டு பாத்துக்கிட்டிருப்பான்.

அதோட 'ஹொட்'. கறிக்கு 'ஹொட்' எண்டா சூடா, உறைப்பா எண்டு தெரியாம முழிப்பாங்க. உறைப்புக்கு 'ஸ்பைஸி' எண்டு செல்றதுதான் நல்லம். எங்கட மெனுல இப்ப அப்பிடித்தான்.

பாலத்தடி:
பொத்துவில் தம்பிட கடல் வசனத்த நாளைக்கு வகுப்பில எடுக்கப்போறன். 'டூ ரஃப் டு சேர்ஃப்' எண்டு நீட்டினா இன்னும் தெளிவு. டூ, அட்ஜெக்டிவ், டு, வேர்ப்.

சேருக்கும் ஒண்டு சொல்லணும். நீங்க சொன்ன 'இரிக்கு' விதிக்கு ஒரு ஓட்டை இரிக்கு. 'சூப் ருசியா மணக்குது', 'அவ களைப்பாத் தெரியுறா', 'பாட்டு இனிமையாக் கேக்குது'. இதிலெல்லாம் முடிவில 'இரிக்கு' இல்ல, மணக்குது, தெரியுறா, கேக்குது எண்டு வேற வினை. உங்கட கேள்விப்படி பிள்ளை 'லி' போட்டிரும். ஆனா 'ஸ்மெல்ஸ் டெலிஷஸ்', 'லுக்ஸ் டயர்ட்', 'சவுன்ட்ஸ் ஸ்வீட்' எண்டுதான் வரணும். லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுன்ட், ஸீம், பிகம் எல்லாம் 'இஸ்'சுட வேலையச் செய்யிற வினைகள். இந்தப் பட்டியல வாயால பழக்காம எப்பிடி?

சோக்குக்கட்டி:
ஓட்டை உண்மைதான் மிஸ். பட்டியல் வேணும். ஆனா பட்டியலுக்குள்ளயும் ஆள் பாத்துத்தான் விதி. 'ஷீ லுக்ட் அங்க்ரி' எண்டா அவட முகம் கோபமாத் தெரிஞ்சுது. 'ஷீ லுக்ட் அங்க்ரிலி அட் ஹிம்' எண்டா அவ அவன முறைச்சுப் பாத்தா. ரெண்டாவதில 'லுக்' உண்மையிலேயே ஒரு வேலை, கண்ணால செய்யிற வேலை. 'இஸ்' எண்டு மாத்திப் போட்டு வசனம் நிக்குதா எண்டு பாக்கச் சொல்லுங்க. 'ஷீ வோஸ் அங்க்ரி' நிக்கும். 'ஷீ வோஸ் அங்க்ரிலி அட் ஹிம்' நிக்காது. இதுக்குத் தமிழ் தேவையில்ல, உங்களுக்குச் சந்தோசமா இரிக்கும்.

ஏஎல்_கலைப்பிரிவு:
கடைசியா ஒண்டு சேர். 'லி' இருந்தா அட்வேர்ப் எண்டு எடுக்கலாமா?

சோக்குக்கட்டி:
ஏலா தம்பி. ஃபிரென்ட்லி, லவ்லி, லோன்லி, சில்லி எல்லாம் அட்ஜெக்டிவ். 'ஹீ ஸ்போக் ஃபிரென்ட்லி' எண்டு எழுதினா வெட்டுவாங்க, 'இன் எ ஃபிரென்ட்லி வே' எண்டு சுத்தித்தான் போகணும். மறுபக்கம் ஃபாஸ்ட், ஹார்ட் ரெண்டும் 'லி' இல்லாமலே ரெண்டு வேலையும் செய்யும். 'எ ஃபாஸ்ட் பஸ்', 'த பஸ் கோஸ் ஃபாஸ்ட்'. ஃபாஸ்ட்லி எண்டு ஒரு சொல்லே இல்ல.

ஹார்ட்லி எண்டு ஒண்டு இரிக்கு, ஆனா அது வேற ஆள். 'ஹீ வேர்க்ஸ் ஹார்ட்' எண்டா பாடுபட்டு வேலை செய்யிறான். 'ஹீ ஹார்ட்லி வேர்க்ஸ்' எண்டா வேலையே செய்யிறதில்ல எண்ட மாதிரி. வேலைக்கு விண்ணப்பம் எழுதேக்க 'ஐ வில் வேர்க் ஹார்ட்லி' எண்டு எழுதி அனுப்பிடாத.

ஏஎல்_கலைப்பிரிவு:
சரி சேர். அண்ணன்ட விண்ணப்பம் மேசையில கிடக்கு, முதல்ல அதப் பாத்திட்டு வாறன்.